பஞ்சாயத்துத் தலைவர் முதல் எம்.பி. வரை: தமிழ்நாட்டில் யார் பதவி எப்போது முடிகிறது?

2019 டிசம்பரில் கிராமத்து வாக்குச்சாவடிக்குள் போனவர்கள் கையில் நான்கு சீட்டு கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். மெஷின் கிடையாது. முத்திரையைக் குத்தி, மை ஒட்டாமல் மடித்து, பெட்டியில் போட வேண்டும். மேலே எம்.எல்.ஏ., எம்.பி. இரண்டையும் சேர்த்தால் ஒரு கிராமத்து வாக்காளர் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது ஆறு பேரை. நகரத்துக்காரருக்கு மூன்று பேர்தான்: வார்டு கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி.

ஆறு பேருக்கும் ஐந்து வருஷம்தான். ஆனால் அந்த ஐந்து வருஷம் ஒரே நாளில் தொடங்குவதில்லை. அதனால்தான் "அடுத்த எலெக்‌ஷன் எப்போ?" என்று டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது.

முதலில் எண்ணும் முறை. ஓட்டுப் போட்ட நாளோ, முடிவு வந்த நாளோ, முதல்வர் பதவியேற்ற நாளோ கணக்கில் வராது. அவையின் முதல் கூட்டத்துக்குக் குறித்த தேதியிலிருந்து ஐந்து வருஷம் என்கிறது அரசியல் சாசனத்தின் 172-வது பிரிவு. 2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 எண்ணிக்கை, மே 7 அமைச்சரவை பதவியேற்பு, மே 11 சட்டமன்றம் கூடியது. கணக்கு அந்த மே 11-லிருந்துதான் ஓடும். 2026 மே 10-ஐத் தாண்டி அந்த அவை ஒரு நாளும் இருக்க முடியாது. அதற்குப் பிந்தைய அவைக்கும் அது முதலில் கூடும் தேதியே ஆரம்பம்.

ஐந்து வருஷம் என்பது உச்ச வரம்பு, உத்தரவாதம் இல்லை. 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை குடியரசுத் தலைவர் ஆட்சி வந்து தமிழ்நாட்டுச் சட்டமன்றம் காலம் முடியும் முன்பே கலைக்கப்பட்டிருக்கிறது. கலைத்துவிட்டுத் தேர்தல் நடத்தினால் புது அவைக்கு முழு ஐந்து வருஷம் புதிதாகக் கிடைக்கும். முதல்வருக்கும் அமைச்சர்களுக்கும் தனியாகக் கால அளவே கிடையாது. அவையின் ஆதரவு இருக்கும்வரைதான் பதவி. எம்.எல்.ஏ. ஆகாதவரும் அமைச்சராகலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் ஜெயித்து வர வேண்டும்.

ஓர் எம்.எல்.ஏ. இறந்தாலோ ராஜினாமா செய்தாலோ ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல். ஜெயித்தவருக்கு மிச்ச காலம் மட்டும். ஈரோடு கிழக்குத் தொகுதிக்காரர்கள் ஒரே சட்டமன்றக் காலத்தில் மூன்று முறை விரலில் மை வைத்துக்கொண்டார்கள்: 2021 ஏப்ரல், 2023 பிப்ரவரி, 2025 பிப்ரவரி. ஆனால் 2025 ஜூனில் வால்பாறை காலியானபோது இடைத்தேர்தல் வரவில்லை. மிச்சமிருக்கும் காலம் ஒரு வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் இடைத்தேர்தல் கட்டாயமில்லை என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு. அந்தத் தொகுதி மக்களுக்கு இது கசப்பான விதிதான்.

எம்.பி. விஷயம் எளிது. 39 மக்களவைத் தொகுதிகள். இப்போதைய மக்களவை 2024 ஜூன் 24 கூடியது, முன்கூட்டியே கலைக்காவிட்டால் 2029 ஜூன் வரை. மாநிலங்களவைக்கு நம்மிடமிருந்து 18 பேர், ஆறு வருஷப் பதவி. அவர்களைத் தேர்ந்தெடுப்பது எம்.எல்.ஏ.க்கள். 234 பேரும் ஓட்டுப் போட்டால், ஆறு இடத்துக்கான தேர்தலில் ஒருவர் ஜெயிக்க 34 ஓட்டு வேண்டும். 18 பேரும் ஒரே நேரத்தில் ஓய்வு பெறுவதில்லை, ஆறு ஆறு பேராகப் போவார்கள். 2022-ல் தேர்வான அணிக்கு 2028 ஜூனில் காலம் முடிகிறது. மாநிலத்தின் சட்ட மேலவை நமக்கு 1986 நவம்பரோடு இல்லாமல் போய்விட்டதால் எம்.எல்.சி. (அதன் உறுப்பினர்) என்ற கணக்கே வேண்டாம்.

இனி உள்ளாட்சி. குழப்பம் எல்லாம் இங்கேதான்.

காகிதத்தில் பார்த்தால் இதுதான் மிகக் கறாரான விதி. அரசியல் சாசனத்தின் 243இ (ஊராட்சி), 243யு (நகராட்சி) இரண்டு பிரிவுகளும் சொல்வது: முதல் கூட்டத் தேதியிலிருந்து ஐந்து வருஷம், அதற்கு மேல் கூடாது, காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை முடித்துவிட வேண்டும். 2006-ல் ஆமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. நடைமுறை? 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை, வேட்புமனு எல்லாம் வாங்கிய பிறகு சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு வார்டு மறுவரையறை, புதிய மாவட்டங்கள், வழக்குமேல் வழக்கு. கிராமங்களில் மூன்று வருஷத்துக்கு மேல், நகரங்களில் ஐந்து வருஷத்துக்கும் மேல் கவுன்சிலரே கிடையாது. அதாவது ஒரு முழுப் பதவிக்காலமே ஆவியாகிவிட்டது.

அந்த இழுபறியால்தான் இன்றைக்கு மூன்று காலண்டர். 27 மாவட்டக் கிராமங்கள் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஓட்டுப் போட்டன. உறுப்பினர்கள் 2020 ஜனவரி 6 பதவியேற்றார்கள். 2025 ஜனவரி 5-உடன் காலம் முடிந்தது. மாவட்டப் பிரிப்பால் விடுபட்ட ஒன்பது மாவட்டங்கள் (காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருநெல்வேலி, தென்காசி) 2021 அக்டோபரில் வாக்களித்தன. அங்கே பதவியேற்பு அக்டோபர் 20, ஆகவே முடிவு 2026 அக்டோபர். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, மார்ச் 2 பதவியேற்பு. ஆக 2027 மார்ச்.

காலம் முடிந்து தேர்தல் நடக்காத இடத்தில் நிர்வாகத்தைக் கவனிக்க அரசு நியமிக்கும் தனி அலுவலர் வருவார். 2025 ஜனவரியில் பெரும்பாலான கிராமங்களில் நடந்தது இதுதான். அதுவரை தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சிக் காசோலை செல்லும். பிறகு அந்தப் பொறுப்பு அதிகாரியிடம் போய்விடுகிறது. தெருவிளக்கு, குடிநீர் மனுவை "முன்னாள்" தலைவரிடம் கொடுத்துப் பயனில்லை. ஊராட்சிச் செயலரிடம் கொடுங்கள், இல்லையென்றால் ஒன்றிய அலுவலகத்துக்குப் போங்கள். கிராம சபை மட்டும் நிற்காது. தனி அலுவலர் இருந்தாலும் கூட்டியே ஆக வேண்டும்.

உள்ளாட்சியில் யாரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் எல்லோருக்கும் தெளிவில்லை. ஊராட்சித் தலைவருக்கு நாமே ஓட்டுப் போடுகிறோம், அதுவும் கட்சிச் சின்னம் இல்லாமல். ஒன்றியப் பெருந்தலைவர், மாவட்ட ஊராட்சித் தலைவர், மேயர், நகராட்சித் தலைவர் ஆகியோரை ஜெயித்த உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். மேயர் பதவி ஊஞ்சல் மாதிரி: 1996, 2001-ல் மக்கள் நேரடி ஓட்டு, 2006-ல் கவுன்சிலர்கள் ஓட்டு, 2011-ல் மறுபடி நேரடி, 2022-ல் மறுபடி கவுன்சிலர்கள். சட்டத்தை மாற்றுவது மாநில அரசின் கையில் இருப்பதால் அடுத்த தடவை எப்படி என்பதை அறிவிப்பு வரும்போதுதான் பார்க்க வேண்டும்.

தேர்தலை நடத்துவதும் இரண்டு தனித்தனி ஆணையங்கள். எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தலுக்கு இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சிக்குத் தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். வேட்பாளர் வயதும் வேறு: உள்ளாட்சிக்கு 21, சட்டமன்றம், மக்களவைக்கு 25, மாநிலங்களவைக்கு 30.

பட்டியல் மட்டும் ஒன்று. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரித்து உள்ளாட்சித் தேர்தலுக்குப் பயன்படுத்துகிறார்கள். பஞ்சாயத்துக்கென்று தனியாகப் பேர் சேர்க்க வேண்டியதில்லை. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. வீடு மாறியிருந்தால் படிவம் 8. "ஓட்டு இருக்கு, ஆனா பழைய தெருவுல இருக்கு" என்று வாக்குச்சாவடி வாசலில் நின்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த எட்டைத் தவறவிட்டவர்கள்தான்.