ஷெட்டில் கிடக்கும் ஓப்பன் காரைச் சரிசெய்யலாமா?

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து ஷெட். உள்ளே 1965 மாடல் எம்.ஜி.பி., துணிக் கூரை மடங்கும் இரண்டு சீட்டு பிரிட்டிஷ் கார். "அப்பா ஓட்டினது. இன்ஜின் ஓடுங்களாண்ணா?" என்றார் மகன். சேலத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் பழைய வண்டியைக் காட்டும் எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். எனக்கு அது கடைசிக் கேள்வி.

அந்த 1798 சிசி இன்ஜின் 'பி சீரிஸ்' என்ற இன்ஜின் வரிசை. நம் அம்பாசடரில் வந்த 1489 சிசி இன்ஜினும் அதே குடும்பம்தான். அம்பாசடரில் கைபழகிய மெக்கானிக் இதைப் பார்த்து மிரள மாட்டார். ஆசையில் பேட்டரியை மாட்டி உடனே ஸ்டார்ட் மட்டும் செய்துவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்து, முதலில் கையால் சுற்றிப் பாருங்கள்.

நான் குனிந்தது கதவுக்கு அடியில். இந்த வண்டிக்குத் தனிச் சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, தகட்டுப் பாடிதான் எல்லாமே. மூடிய காரில் கூரையும் பாரம் தாங்கும். இதிலோ கூரை வெறும் துணி. அதனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு கதவுக்கடியில் ஓடும் தகட்டுப் பெட்டிக்குத்தான். மலைப்பனியில் அது உள்ளிருந்து துருவேறும். வெளியே பெயின்ட் பளபளக்கும்.

மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை அதன்மேல் நகர்த்தினேன். முன்பக்கம் ஒட்டியது. ஒரு சாண் தள்ளியதும் வழுக்கி விழுந்தது. அங்கே தகடே இல்லை, பள்ளத்தை அடைக்கும் பட்டிப் பசை மட்டும்தான். யாரோ பட்டியை அப்பித் தேய்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அப்புறம் மகனையும் தோட்டத்து ரைட்டரையும் சீட்டில் உட்காரச் சொன்னேன். அதுவரை சுலபமாகத் திறந்து மூடிய கதவு, மேல்முனையில் இடித்துச் சிக்கிக்கொண்டது. வண்டி நடுவில் தொய்கிறது.

இதை வெட்டிப் புதுத் தகடு வைக்கலாம். வெட்டும் முன் கதவு வாசலில் இரும்புக் கம்பி குறுக்கே வைத்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடி வளைந்துவிடும், அப்புறம் கதவு ஒழுங்காகச் சாத்தாது. எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதைக் கேளுங்கள். கம்பியைப் பற்றிப் பேசாதவரிடம் வண்டியை விடாதீர்கள்.

"பேசாம ஜப்பான் இன்ஜின் போட்டுடலாமா?" என்றார் மகன். வேண்டாம். 2021 விதிப்படி, 50 வருடம் தாண்டிய வண்டியை வின்டேஜாக, அதாவது பழமை வாய்ந்த வண்டியாக, பதியலாம். சேஸ், பாடி, இன்ஜினைப் பெரிதாக மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். பழைய நம்பர் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு, அவ்வளவுதான். எனவே ஆர்.சி. எங்கே, அதிலிருக்கும் சேஸ் நம்பர் வண்டியில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.

விற்று லாபம் பார்க்கிற கணக்கு என்றால் இந்த வண்டி வேண்டாம் என்றுதான் சொன்னேன். பணம் கண்ணுக்குத் தெரியாத தகட்டில்தான் போகும். பாதியில் நின்றுபோய், கழற்றிய சாமான் சாக்குமூட்டையில் கிடந்தால், முழுசாகக் கிடந்தபோது இருந்த விலையும் போச்சு. அப்பா ஓட்டினது என்பதற்காகச் செய்கிறீர்கள் என்றால் தகடும் பிரேக்கும் முதலில். 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய வண்டி, பழைய பிரேக் ஆயிலையும் ரப்பர் ஹோஸையும் நம்பவே கூடாது. பெயின்ட் கடைசியில்.

யோசித்துச் சொல்கிறேன் என்றார். கிளம்பும்போது வண்டிமேல் கிடந்த பிளாஸ்டிக் தார்ப்பாயை மட்டும் உருவிப் போட்டேன். உள்பக்கமெல்லாம் நீர் கோத்து நின்றது. "பழைய பருத்திப் பெட்ஷீட் போதும்ங்க" என்றேன்.