சியாப்போ: சமோவாவின் சித்திர மரவுரி

பசிபிக் பெருங்கடலில் உள்ள சமோவாத் தீவுகளில் மரப்பட்டையை அடித்து விரித்து, அதன்மேல் சித்திரம் தீட்டிச் செய்யும் துணிக்குச் சியாப்போ என்று பெயர். இதற்கு நூலும் வேண்டாம், தறியும் வேண்டாம்.

காகித மல்பெரியின் தண்டிலிருந்து பட்டையை உரித்து, மேல்தோலை நீக்கி, உள்நாரை மட்டும் எடுக்கிறார்கள். அதைப் பலகையில் வைத்துக் கிளிஞ்சலால் வழிப்பார்கள். அப்புறம் மரக்கட்டையால் அடிக்க அடிக்க, ஒடுங்கிய நார் பல மடங்கு அகலமாகும். கிழிந்த இடத்தில் கிழங்குப் பசை தடவி ஒட்டுப் போடுவார்கள். 'ஓஆ' மரப்பட்டைச் சாறு பழுப்பு நிறம் தரும். கறுப்புக்கு 'லாமா' கொட்டையை எரித்த புகைக்கரி, மஞ்சளுக்கு நம் வீட்டு மஞ்சளேதான். காய்ந்த தாழம்பழச் சுளையின் நார்முனைதான் தூரிகை.

கையால் வரைந்தால் 'சியாப்போ மமானு'. 'உப்பெத்தி' என்ற அச்சின்மேல் விரித்துச் சாயம் தேய்த்து எடுத்தால் 'சியாப்போ எலெய்'. அந்த அச்சை முன்பு பெண்கள் தாழையோலையில் தைத்தார்கள். பின்னால் ஆண்கள் மரத்தில் செதுக்கத் தொடங்கினார்கள். இன்று அச்சிட்ட பருத்தித் துணிக்கும் எலெய் என்றே பெயர்.

பக்கத்துத் தீவான நியுவேயில் இந்தத் துணி 'ஹியாப்போ'. தொங்கா நாட்டில் அதே சொல் மல்பெரிச் செடியையே குறிக்கும். துணிக்கு அங்கே 'ஙாத்து' என்று பெயர். உலகம் பொதுவாக வழங்கும் 'தாப்பா' சமோவாவில் சாயம் படாத ஓரத்துக்கு உரிய சொல். ஓரத்தின் பெயர் முழுத் துணிக்கும் ஏறியது வெளியார் வழக்கு.

தமிழில் என்ன சொல்லலாம்? 'பட்டைத்துணி' என்றால் கோடு போட்ட துணி என்று நினைப்பார்கள். பழந்தமிழில் மரப்பட்டை ஆடைக்குச் 'சீரை' என்ற சொல் உண்டு. திருமுருகாற்றுப்படை முனிவர்களைச் 'சீரை தைஇய உடுக்கையர்' என்கிறது. அழகான சொல்தான், ஆனால் இன்று உரை இல்லாமல் புரியாது. 'வற்கலை' வடமொழி வழி வந்தது. மிஞ்சுவது 'மரவுரி'. உரித்தெடுத்தது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த சொல்லும்கூட. ஒரே சிக்கல், மரவுரி என்றதும் நமக்கு வனவாசமும் துறவும் நினைவுக்கு வரும். சமோவாவிலோ இது கல்யாணத்திலும் பட்டமேற்பிலும் இழவு வீட்டிலும் கைமாறும் மதிப்பான சீர்.

அதனால் பொதுப்பெயராக மரவுரி, ஓவியம் தீட்டியதென்றால் சித்திர மரவுரி, சமோவாவுடையதைச் சொல்லும்போது சியாப்போ என்றே எழுதலாம். ஒற்றைப் பகரமிட்டுச் 'சியாபோ' என்று எழுதினால் நாம் 'போ'வை அழுத்தமில்லாமல் வாசித்துவிடுவோம், 'ப்போ' வேண்டும்.