இரைச்சல்: ஒலியும் அன்று, ஓசையும் அன்று

சென்ற வாரம் நண்பர் வீட்டில் பழைய ஸ்டீரியோ டியூனர் (வானொலி வாங்கும் பெட்டி) ஒன்றைப் பார்த்தேன். உடன் வைத்திருந்த தமிழ் விளக்கத் தாளில் மூன்று பொத்தான்களுக்கும் ஒரே பெயர்: 'ஒலிக் குறைப்பு'. ஹெட்ஃபோன் விளம்பரங்களிலும் இதையே படித்துப் படித்து அலுத்துவிட்டது. 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்பதற்கு இது பிழையான தமிழ்.

ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழி வந்தது, அது போகட்டும். நம்மிடம் 'இரை' என்ற வினை இருக்கிறது. கடல் இரைகிறது, இரைந்து பேசாதே என்கிறோம். அதில் பிறந்ததே இரைச்சல். நிலையம் சரியாக அகப்படாதபோது பெட்டியிலிருந்து வரும் 'உஸ்ஸ்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

ஒலியைக் குறைப்பதென்றால் சத்தத்தைக் குறைப்பது. அதற்குத் திருகு தனியாக இருக்கிறது. சிங்கப்பூரில் 'ஒலி' என்றாலே 96.8 தமிழ் வானொலி நினைவுக்கு வரும். நாம் விரும்பிக் கேட்பதன் பெயர் அது. 'ஓசை நீக்கம்' என்பாரும் உண்டு. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை என்று பாவுக்கே உயிராக வைத்த சொல்லையா நீக்குவது?

பொத்தான்களின் வேலையைப் பார்த்தால் குழப்பம் இன்னும் தெளியும். பண்பலை ஸ்டீரியோவில் இடப்பக்க, வலப்பக்க ஒலிகள் இரண்டின் கூட்டல் நேராக வருகிறது. அவற்றின் கழித்தல் 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறி வருகிறது. பண்பலையில் அதிர்வெண் ஏற ஏற இரைச்சலும் ஏறும். ஆகவே கழித்தல் பகுதியில்தான் அது அதிகம். அங்கிருந்து இரு பக்கமும் எதிரெதிராகப் பிரிந்து விழுகிறது. இரண்டையும் கலந்தால் தானே அழிந்துபோகும். அந்த டியூனரில் ஜோகூர்ப் பக்கமிருந்து மெலிதாக வந்த மலேசியத் தமிழ் வானொலி மின்னல் எஃப்எம்மைப் பிடித்து, 'ஹை பிளெண்ட்' பொத்தானை அழுத்தினேன். உஸ்ஸ் தணிந்தது, பாடகியின் குரல் அப்படியே நின்றது. உயர் சுருதிகள் மட்டும் இடம் வலம் பிரியாமல் நடுவில் ஒன்றின. ஒலி எங்கே குறைந்தது? இது உயர்சுருதிக் கலப்பு. 'மோனோ' பொத்தான் எல்லாச் சுருதியையும் கலந்துவிடும். அது முழுக் கலப்பு. 'மியூட்டிங்' நிலையங்களுக்கு இடையே வாயை அடைக்கிறது. அதை ஒலியடக்கம் எனலாம். மூன்றுக்கும் பொதுப்பெயர் வேண்டுமென்றால் இரைச்சல் தணிப்பு.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுகிறார்கள். நான்கு மொழிகளில் அச்சிடும் ஊரில் தமிழ்ப் பத்தியை மட்டும் பொத்தானை அழுத்திப் பார்க்காமலே எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தாளில் மூன்று இடங்களிலும் பேனாவால் திருத்தி நண்பரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.