கும்பகோணத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகும் முன்

பள்ளிகளுக்குப் பண்பாட்டுப் பயணம் ஏற்பாடு செய்து தரும் வேலையில் எங்கள் கைக்கு வரும் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். முதல் நாள் தஞ்சைப் பெரிய கோயில், சரஸ்வதி மகால், தாராசுரம், சுவாமிமலை. இரண்டாம் நாள் திருபுவனம் தறி, நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறை, கங்கைகொண்ட சோழபுரம், மாலையில் 'கிராமிய வாழ்க்கை'. இப்படிப் போனால் பிள்ளைகள் பார்ப்பது பஸ் ஜன்னலைத்தான். ஒரு நாளைக்கு ஒரு கோயில், ஒரு கைத்தொழில், அதற்கு மேல் வேண்டாம் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள். காலை ஒரு இடத்தில் மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும்.

கோயிலைக் காலை ஏழு மணிக்கு வையுங்கள். பெரும்பாலான கோயில்களில் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதைவிட முக்கியம், பத்து மணிக்கு மேல் கருங்கல் தளம் கொதிக்கும். வெறுங்காலோடு பிரகாரம் சுற்றும் பத்து வயதுக் குழந்தைக்குப் பாதம் கொப்பளித்துவிடும். தாராசுரத்தில் எல்லாவற்றையும் காட்ட நினைக்காதீர்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோடும் சிற்பத்தின் முன் உட்கார வைத்து, ஒரு பக்கத்து உடலை நோட்டு அட்டையால் மறைக்கச் சொல்லுங்கள். காளை தெரியும், அட்டையை மறுபக்கம் நகர்த்தினால் யானை. பிறகு கருவறையின் வெளிச்சுவர் அடியில் வரிசையாக இருக்கும் நாயன்மார் கதைச் சிற்பங்களில் ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து வரையட்டும். கட்டியது இரண்டாம் ராஜராஜன், 12ஆம் நூற்றாண்டு, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்பதெல்லாம் வகுப்பிலேயே சொல்லிவிடக்கூடியவை.

சுவாமிமலைக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகள் சிறியவை, நாற்பது பேர் ஒன்றாக நுழைந்தால் பின்னால் நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது, வேலையும் கெடும். பன்னிரண்டு, பதினைந்து பேராகப் பிரித்து அனுப்புங்கள். வேலை தொடங்குவது ஒரு தென்னை ஓலைக் கீற்றில். சிலையின் உயரத்துக்குக் கீற்றை நறுக்கி, மடித்து மடித்து அளவுக் கோடுகள் எடுப்பார்கள். மூல தெய்வங்களுக்கான உத்தம தசதாளம் என்ற சிற்ப அளவுக் கணக்கில் முழு உயரமும் 124 கூறு. பிள்ளைகளிடமும் ஆளுக்கொரு கீற்றைக் கொடுத்து, நெற்றி முடிக்கோட்டிலிருந்து தாடை வரை தன் முக நீளத்தை அளந்து, உடல் உயரம் எத்தனை முகம் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முக நீளத்தை அலகாகக் கொண்ட தாளம் என்ற அளவு என்ன என்பது அப்போது தானாகப் புரியும்.

அடுத்தது மெழுகு. தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவை. வெதுவெதுப்பான நீரில் போட்டால் கையில் வளையும், குளிர்ந்த நீரில் போட்டால் விறைக்கும். சின்னதாக ஒரு இலை உருவம் செய்து பார்க்கப் பிள்ளைக்கு ஐம்பது கிராம் போதும். நாற்பது பேருக்கு இரண்டு கிலோ. முன்கூட்டியே சொல்லிப் பணம் கொடுத்துவிட வேண்டும், பட்டறைச் சரக்கை எடுத்துக் கொடுக்கச் சொல்லக் கூடாது. மெழுகு உருவத்தின் மேல் முதல் பூச்சாகக் காவிரியின் நைஸான வண்டல் மண், அதன் மேல் வயல் களிமண்ணும் மணலும் கலந்த பூச்சு. ஒவ்வொன்றும் நிழலில் காய வேண்டும். பிறகு அச்சைச் சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில்தான் உலோகத்தை ஊற்றுவார்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மண் வெடிக்கும். வெடிப்பு விழுந்த இடத்தில் உலோகம் கசிந்து சிலையில் பிசிறாக நிற்கும். அதனால் காலையில் செய்த மெழுகு இலையை மாலைக்குள் வார்த்துத் தரும்படி எந்தப் பட்டறையையும் வற்புறுத்தாதீர்கள். உலோகம் மெழுகைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு கனம் என்பதால், மெழுகு உருவத்தை எடைபோட்டே தேவையான உலோகத்தைக் கணக்கிடுகிறார்கள். பள்ளித் தராசு ஒன்றைக் கொண்டுபோனால் பிள்ளைகளே கணக்குப் போடலாம்.

உலோகம் ஊற்றுவது தினமும் நடக்காது. ஊற்றும் நாளாக அமைந்தால் ஐந்து மீட்டருக்குள் எந்தப் பிள்ளையும் வரக் கூடாது. அச்சுக்குள் துளி ஈரம் தங்கியிருந்தாலும் அது நீராவியாகி, உருகிய உலோகத்தைத் தூக்கி வெளியே அடிக்கும். அன்று பருத்தி உடையும் மூடிய ஷூவும் கட்டாயம். நைலான், பாலியெஸ்டர் சீருடையில் பொறி பட்டால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு விதியில் மட்டும் எந்த ஆசிரியரும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இனி கிராமம். காவிரி டெல்டாவில் எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் வயலில் வேலை இருக்கும். அரையாண்டு விடுமுறையில் போய் நடவு பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அப்போது சம்பா பயிர் வளர்ந்து நிற்கும். காட்சிக்காக யாரையாவது நடச் சொல்லிப் படம் எடுப்பது அந்தத் தொழிலுக்கு மரியாதை ஆகாது. சம்பா நடவைப் பார்க்கச் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் நல்லது. டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். தண்ணீர் தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகும். ஆகவே பத்து நாளைக்கு முன் விவசாயியைக் கேட்டுத் தேதியை உறுதி செய்யுங்கள்.

நடுவதற்கு ஒரு செண்ட் பரப்பைப் பேசி வையுங்கள். 20க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு செண்டுக்கு ஏறத்தாழ 2,000 குத்து, அதாவது ஓரிடத்தில் சேர்த்து நடும் நாற்றுக் கொத்து. நாற்பது பிள்ளைகள் ஆளுக்கு ஐம்பது குத்து. ஒரு குத்துக்கு இரண்டு, மூன்று நாற்று, மூன்று சென்டிமீட்டர் ஆழம். சாய்ந்துவிடுமோ என்று பயந்து பிள்ளைகள் மணிக்கட்டு வரை அழுத்துவார்கள். ஆழமாகப் போன நாற்று தூர் கட்ட, அதாவது பக்கக் கிளைகள் விட, தாமதமாகும், விவசாயிக்குத்தான் நஷ்டம். சொல்லிக் கொடுக்கும் நடவுப் பெண்களுக்கு அன்றைய கூலியை முழுதாகக் கொடுங்கள், பரப்புக்கான ஈட்டுத் தொகையை வயல்காரரிடம் தனியாகக் கொடுங்கள்.

காலில் ஆறாத புண், கீறல் உள்ள பிள்ளை சேற்றில் இறங்கக் கூடாது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் புண் வழியாக எளிதில் ஏறும். மருந்து தெளித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். ஒரு வாரத்துக்குள் என்றால் வேறு வயல் பாருங்கள். ஏறியதும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு. குளம், காவிரி, கொள்ளிடம் எதிலும் யாரும் இறங்கக் கூடாது. மேலே அமைதியாக ஓடும் கொள்ளிடத்தில் மணல் எடுத்த பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாது.

கழிப்பறை இல்லாத ஊரில் மாணவிகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். மயக்கமும் நீர்க்கடுப்பும் அதனால்தான் வருகின்றன. வெட்கத்தில் யாரும் சொல்லவும் மாட்டார்கள். சுத்தமான கழிப்பறை உள்ள கல்யாண மண்டபத்தை நாள் வாடகைக்குப் பிடியுங்கள். நாப்கினும் மூடியுள்ள குப்பைக்கூடையும் ஆசிரியை பொறுப்பில் இருக்கட்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஐந்து ஆசிரியர்களையும் சேர்த்து 135 லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் ஏழு.

ஊருக்குள் நடக்கும்போது ஓட்டு வீடும் மாக்கோலமும் உள்ள தெருவை மட்டும் காட்டிவிட்டுத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. நாற்று நட்ட அந்தப் பெண்கள் குடியிருக்கும் தெருவும் அதே கிராமம்தான். அவர்கள் சம்மதித்தால் அங்கும் போக வேண்டும். பறையும் மண்பாண்டமும் பாய்முடைதலும் இந்த மண்ணின் மரபுதான் என்பதைப் பிள்ளைகள் உரியவர்களிடமே கேட்கட்டும். வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது, கேட்காமல் படம் எடுப்பது, ஊர்ப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாரி இறைப்பது ஆகியவற்றை பஸ்ஸிலேயே தடுத்துவிடுங்கள். அறுவடை இயந்திரத்தையும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தையும் மறைக்காதீர்கள். இன்றைய டெல்டா விவசாயியின் நாள் அங்கேதான் போகிறது.

பிள்ளைகள் நட்ட வயலின் சம்பா தை மாதம் அறுவடைக்கு வரும். விவசாயியிடம் அப்போதே பேசி வைத்து, அந்த நெல்லில் ஒரு மூட்டையைச் சரியான விலைக்கு வாங்கி, அரைத்துப் பள்ளிச் சமையலறையில் ஒருநாள் சோறாக்கிப் போடுங்கள்.