மூன்றாவது வாரத்தில் தராசு ஏன் நின்றுபோகிறது?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்றுதான் கேட்போம். நலம் விசாரிப்பதும் அதுதான், அன்பு காட்டுவதும் அதுதான். உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு என் தங்கை ஈப்போவிலிருந்து வீடு திரும்பிய மறுநாள், பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அதையே கேட்டார். தங்கை கையில் இருமல் மருந்தோடு வரும் சின்னப் பிளாஸ்டிக் மூடி. அதில் 30 மில்லி தண்ணீர். கால் மணி நேரமாக நாக்கை நனைத்து நனைத்து அதைக் குடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் பசியாறியது அவ்வளவுதான்.

112 கிலோவில் தொடங்கியவள், பதினெட்டாம் நாள் 104.6-க்கு வந்திருந்தாள். அதோடு தராசு நின்றுவிட்டது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினைந்து நாள். தினமும் நான்கு முறை ஏறி நின்று பார்ப்பாள். குளித்துவிட்டு ஏறுவாள். கூந்தலைப் பிழிந்து உதறிவிட்டு மறுபடி ஏறுவாள். "கஞ்சித் தண்ணியக் குடிச்சிக்கிட்டுக் கெடக்கிறேன், இதுக்கு மேல என்னத்தக் கொறைக்கிறது? எனக்கு மட்டும் ஆபரேஷன் பலிக்கலண்ணே" என்று ஒரு நாள் உட்கார்ந்து அழுதாள். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று எனக்கு அவளிடம் சொல்ல ஒன்றும் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை, அவளைப் போல மூன்றாவது வாரத்தில் தராசின் மேல் நின்று கலங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நம் ஆட்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ பருமனோ உள்ளவர்கள் என்று தெரிந்தது. 2023-இல் அது 54.4 ஆனது. நீரிழிவில் இந்தியர்கள்தான் முன்னால் நிற்கிறோம். 2019 கணக்கில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. பால்மரம் என்கிற ரப்பர் மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் உழைத்த காலத்துச் சாப்பாடு நம்மிடம் அப்படியே இருக்கிறது. உழைப்பு மாறிவிட்டது.

சரி, தராசுக்கு வருவோம். தராசுக்குக் கொழுப்பு எது, தண்ணீர் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நம் ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. ஈரலில் 100 கிராம், தசைகளில் 400 கிராம் என்று ஏறக்குறைய அரைக் கிலோ. ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு திடீரென்று குறைந்ததும் உடல் முதலில் கைவைப்பது இந்தச் சேமிப்பில்தான். அது கரையக் கரைய, பிடித்து வைத்த தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். முதல் இரண்டு வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதில் ஏறக்குறைய இரண்டு கிலோ இப்படிப் போனது. அதைப் பார்த்து மனசு பழகிவிடுகிறது. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

கொழுப்பு கரையும் வேகம் வேறு. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடைந்திருக்கிறது. ஒருவர் உடல் ஒரு நாளுக்கு 1,900 கலோரி செலவழிக்கிறது, உள்ளே போவது 600 என்று வைத்துக்கொள்வோம். பற்றாக்குறை 1,300. அப்படியானால் ஒரு நாளில் கரையும் கொழுப்பு 170 கிராம். ஒரு கிலோ கரைய ஆறு நாள் வேண்டும். ஆனால் உடலிலுள்ள தண்ணீரோ உப்பு, மலச்சிக்கல், மாதவிலக்கு, தூக்கம் என்று எதையாவது சாக்காக வைத்து ஒரே நாளில் ஒரு கிலோ ஏறும், இறங்கும். 170 கிராமை இந்த ஆட்டத்துக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்றாவது வாரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெறும் திரவத்திலிருந்து மசித்த சோறு, பருப்பு, அவித்த முட்டை என்று உணவு மெல்ல ஏறுகிறது. கூடவே கொஞ்சம் மாவுச்சத்தும் உப்பும் சேர்கின்றன. காய்ந்து கிடந்த கிளைகோஜன் கிடங்கு ஓரளவு நிரம்பி, விட்ட தண்ணீரைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. பத்து நாளில் 1.7 கிலோ கொழுப்பு போயிருக்கும், கிளைகோஜனும் உப்பும் பிடித்துவைத்த தண்ணீர் ஏறக்குறைய அதே எடைக்கு வந்திருக்கும். தராசு "ஒன்றும் ஆகவில்லை" என்கிறது. உள்ளே அவ்வளவும் ஆகியிருக்கிறது.

இதற்குச் சாட்சி எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. எடை அசையாமல் நின்ற அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு கல்யாணம் வந்தது. தங்கை புடவை கட்டும்போது ரவிக்கை தொளதொளத்தது. அம்மா முதுகுப் பக்கம் ஒரு மடிப்பு மடித்து இரண்டு ஊக்கு குத்திவிட்டார். அந்த மடிப்பை நான் விரலால் அளந்தேன். இரண்டு விரல் அகலம். பிறகு தையல் நாடாவை எடுத்து வாரம் ஒரு முறை இடுப்பை அளந்து குறித்தோம். தராசில் ஞாயிறு காலை மட்டும் ஏறுவது என்று அவளே முடிவு செய்தாள்.

அறுவை சிகிச்சை உள்ளே என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தால் மற்றக் கட்டுப்பாடுகளும் புரியும். தங்கைக்குச் செய்தது ஸ்லீவ் முறை. ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் பையான இரைப்பையை நீளவாட்டில் வெட்டி, வெளிவளைவில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம்போல ஒரு குழாய். 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும். பைபாஸ் முறையில் இன்னும் சின்னதாக, 30 மில்லி அளவுக்கு ஒரு பையை மேலே பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுவார்கள். ஸ்லீவில் வெட்டிய விளிம்பு நெடுக காகிதத்துக்கு அடிக்கும் ஸ்டேபிள் போன்ற டைட்டானியம் பின்கள் தையலாக வரிசையாக இருக்கும்.

அம்மாவுக்கு இதை நான் பால்மரத்தை வைத்துத்தான் விளக்கினேன். அவர் முப்பது வருஷம் மரம் வெட்டியவர். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும் என்று அவருக்குத் தெரியும். வெட்டிய இடத்தில் பட்டை திரும்ப வளர்ந்து மறுபடி கத்தி வைக்க எத்தனை வருஷம் ஆகும் என்றும் தெரியும். இரைப்பைக் காயமும் அப்படி ஒரு முறைப்படிதான் ஆறும். முதல் சில நாட்களில் உடல் அடிபட்ட பழைய நார்ப்புரதத்தைக் கரைத்து அப்புறப்படுத்துகிறது. புதியது இன்னும் நெய்யப்படவில்லை. அந்த இடைவெளியில்தான் தையல் மிகவும் பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில் ஒரு வாய் ரொட்டி சானாய் அடைத்து உள்ளே அழுத்தம் ஏறினால், கசிவு ஏற்படும் அபாயம் உண்டு. கசிவு உயிருக்கே உலை வைக்கும். திரவம், மசியல், மென்மையான உணவு, பிறகு வழக்கமான உணவு என்று ஆறு முதல் எட்டு வாரத்துக்கு இழுக்கும் படிகள் இதற்காகத்தான். "அவ நல்லாத்தான இருக்கா, ஒரு தோசை தின்னா என்ன?" என்று கேட்ட அம்மா, இதைக் கேட்ட பிறகு தோசைக்கல்லை எடுக்கவில்லை.

காயத்தைச் சுற்றி வீக்கமும் இருக்கும். அதனால்தான் முதல் வாரம் தண்ணீர்கூட மெதுவாக இறங்குகிறது. இரண்டு மூன்று மாதத்தில் வீக்கம் வடிந்ததும் இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட முடியும். பலர் இதைப் பார்த்து வயிறு மறுபடி விரிந்துவிட்டதென்று நடுங்குகிறார்கள். விரியவில்லை. வீங்கிய குழாய் தன் உண்மையான அளவுக்கு வந்திருக்கிறது.

பசிக்கு வருகிறேன். வெட்டி எடுத்த அந்தப் பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. 1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா இருவரும் தங்கள் குழுவோடு அதைக் கண்டறிந்தார்கள். அதன் ஊற்று குறைந்ததும் பசியும் அடங்குகிறது. உணவு சிறுகுடலுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் ஜி.எல்.பி.-1 போன்ற குடல் ஹார்மோன்கள் கூடுகின்றன. இதனால் பலருக்கு, எடை பெரிதாக இறங்கும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை அளவு குறையத் தொடங்கும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடலாம். அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவர்.

வயிற்றுப் பசி போனாலும் பழக்கப் பசி போகாது. பத்து மணி ஆனால் தங்கைக்கு ஒட்டுக்கடை தே தாரேக் நினைவு வந்துவிடும். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். குறுகிய வயிறு சோற்றைத்தான் தடுக்கும், சீனித் தண்ணீரைத் தடுக்காது. டின் பால் போட்ட தேநீர் அந்தக் குழாயில் வழுக்கிக்கொண்டு போய்விடும், வயிறும் நிறையாது. பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு சட்டென்று குடலில் இறங்கி, அரை மணி நேரத்துக்குள் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரலாம். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்வதும் குழாயின் அளவை மனதில் வைத்துத்தான்.

புரதம் நாளுக்கு 60 கிராமாவது வேண்டும், இல்லையென்றால் உடல் கொழுப்போடு தசையையும் கரைத்துவிடும். ஒரு முட்டையில் 6 கிராம். பத்து முட்டை எங்கே உள்ளே போகும்? முதல் மாதங்களில் புரதப் பொடி தேவைப்படுவது அதனால்தான். பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகளை நன்றாக இருக்கிறோம் என்று நிறுத்தக்கூடாது.

பொறுமை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. காய்ச்சல், நாடித்துடிப்பு விடாமல் வேகமாக அடிப்பது, கடுமையான வயிற்றுவலி, இடது தோள்வலி, மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் இரவென்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நாள் கணக்கில் விடாத வாந்தியும் அப்படித்தான். தயமின் வைட்டமின் வற்றி, நடை தள்ளாடி, பார்வையும் நினைவும் குழம்பி, மூளையே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். "ஆபரேஷன்னா அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எடை மிக வேகமாக இறங்குவது முதல் ஆறு மாதம். அதன்பின் மெதுவாகி, பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம்வரை இறங்கும். நடுவில் நின்று நின்றுதான் இறங்கும். தராசு நின்றுபோன பதினாறாம் நாள் தங்கைக்கு 103.8 காட்டியது. அதற்குப் பிறகும் இரண்டு முறை நின்றது. அவள் அழவில்லை.

அவளை மறுபடி அழவைத்தது முடி. நான்காம் மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. வாசல் கூட்டும்போது அம்மா விளக்குமாற்றில் சுற்றிக்கொண்ட முடியைப் பிரித்துப் பிரித்து எடுப்பார். எப்போதும் நம் தலைமுடியில் பெரும்பகுதி வளர்ந்துகொண்டிருக்கும், ஒரு சிறு பகுதி ஓய்வில் இருக்கும். அறுவை சிகிச்சை, திடீர் எடையிழப்பு என்று உடலுக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால் வளரும் முடியில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு மூன்று மாதம்போல நீடிக்கும். பிறகுதான் உதிரும். நான்காம் மாதம் சீப்பில் வந்த முடி, அவள் மருத்துவமனையில் படுத்திருந்தபோதே ஓய்வுக்குப் போனது. வேர் சாகவில்லை. புரதமும் இரும்பும் குறையாமல் இருந்தால் அந்தந்தக் குழியிலிருந்தே புதுமுடி கிளம்பும்.

ஒன்பதாம் மாதம் அவள் நெற்றி ஓரத்தில் அரை விரல் நீளத்துக்குக் குட்டைக் குட்டையாக முடி நிமிர்ந்து நின்றது. அம்மா தினமும் தேங்காய் எண்ணெய் தடவி உள்ளங்கையால் அழுத்திப் படிய வைப்பார். கையை எடுத்ததும் அது மறுபடி எழுந்து நிற்கும்.