தேதி குறிக்கும் முன் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கல்யாணங்கள் அந்த 61 நாளில்தான் குவியும். தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஈஸ்டர் முடிந்ததும் மண்டபம் பிடிக்க ஒரே ஓட்டம். இங்குள்ள கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிறவன் நான். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அப்புறம் ஞானஸ்நானச் சான்று தேடி வருகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறும்.

அப்படித்தான் ஒரு அம்மா வந்தார். மகனுக்கு மூன்று வாரத்தில் கல்யாணம். பள்ளியில் சேர்க்க அந்தக் காலத்தில் வாங்கிய ஞானஸ்நானச் சான்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். "இது போதும்தானே தம்பி?" என்றார். போதாது. ஒருவருக்குக் கல்யாணம் நடந்தால், அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் தெரிவித்து, அங்குள்ள பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே குறித்து வைப்பார்கள். அதனால்தான் கடைசி ஆறு மாதத்துக்குள் எடுத்த சான்றைக் கேட்கிறோம். ஏற்கெனவே மணமானவரா இல்லையா என்பதை இருபது வருடத்துக்கு முந்தைய தாள் சொல்லாது.

சரி, புதிதாக எழுதித் தரலாம் என்று பதிவேட்டைப் புரட்டினால் பையன் பெயரே இல்லை. விசாரித்த பிறகுதான் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடான வேம்பாருக்குப் போனதும், அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்ததும் அவருக்கு நினைவு வந்தது. நமக்குச் சிவகங்கை மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி), வேம்பாருக்குத் தூத்துக்குடி. ஆள் அனுப்பிச் சான்று வாங்கினார்கள். அதில் சந்தியாகு என்று இருந்தது, ஆதாரில் ஜேம்ஸ். தங்கச்சிமடம் வேர்க்காட்டுக் கோயில் சந்தியாகப்பருக்கு நேர்ந்து வைத்த பெயர், பள்ளிக்கூடத்தில் ஜேம்ஸ் ஆகிவிட்டது. இரண்டும் ஒரே புனிதரின் பெயர்தான். ஆனால் நாளைக்கு மனைவியின் பெயரைப் பாஸ்போர்ட்டில் சேர்க்கப் போனால் அந்த விளக்கம் அங்கே எடுபடாது. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்து முடிப்பதற்குள் குறித்த தேதி போய்விட்டது. அந்த அம்மா என் மேசை முன்னால் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சொந்தத்தையும் மறைக்காதீர்கள். அத்தை மகனும் மாமன் மகளும் நமக்கு முறைதான். திருச்சபைச் சட்டத்தில் அது தடையுள்ள உறவு. ஆயரிடம் (பிஷப்பிடம்) விதிவிலக்கு வாங்காமல் கட்டினால் அந்தக் கல்யாணமே செல்லாது. கல்யாணத்துக்கு முன் கோயிலில் நடக்கும் விசாரணையில் "தூரத்துச் சொந்தம்" என்று மழுப்பாமல் நேராகச் சொன்னால், பங்குச்சாமியே ஆயர் இல்லத்துக்கு எழுதுவார். அக்கா மகள் என்றால் இன்னும் நெருங்கிய உறவு, அது லேசில் கிடைக்காது. ஞானஸ்நானம் பெறாதவரைக் கட்டுவதற்கும் விதிவிலக்கு வேண்டும்.

நம் கரையில் இன்னொன்று உண்டு. கடலுக்குப் போய்த் திரும்பாத கணவர், உடல் கிடைக்கவில்லை, இறப்புச் சான்றும் இல்லை. அந்தப் பெண் மறுமணம் செய்ய, பல வருடமாகக் காணவில்லை என்பது மட்டும் போதாது. கூடப் போனவர்களை விசாரித்து, அவர் இறந்துவிட்டார் என்று ஆயர் அறிவிக்க வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும். மாப்பிள்ளை பார்க்கும் முன்பே பங்குச்சாமியிடம் பேசிவிடுங்கள். காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலைத் தூக்கிப் போடாதீர்கள். அதே படகில் இருந்தவர்களின் வாக்குமூலத்தையும் எழுதி வாங்கி வையுங்கள். அந்தத் தங்கச்சிகளுக்கு இந்தத் தாள்கள்தான் வழி திறக்கும்.

கோயிலில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடியவில்லை. தமிழ்நாட்டின் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. ஜூன் 15-க்குப் பிறகு மாப்பிள்ளை கடலுக்குப் போய்விடுவார், இருவரையும் சேர்த்துக் கூட்டிப்போவது பெரும்பாடு. மறுவீடு முடிந்த கையோடு போய்ப் பதிந்துவிடுங்கள்.