சொல் விளக்கம்: காட்டாற்று வெள்ளம்

மழை கொட்டிய சில மணி நேரத்தில் பாய்ந்து வரும் வெள்ளத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஃபிளாஷ் ஃபிளட்’ (flash flood) என்று பெயர். அதைச் சிலர் ‘மின்னல் வெள்ளம்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். ‘ஃபிளாஷ்’ என்றதும் ஒளி நினைவுக்கு வருவதால் நேரும் பிழை இது. இடைக்கால ஆங்கிலத்தில் அந்தச் சொல் நீர் மோதித் தெறிப்பதைக் குறித்தது. ஒளிக்கு அது பிற்பாடுதான் போனது. ஆக, இந்த வெள்ளத்தின் பெயரில் மின்னலைத் தேட வேண்டியதில்லை.

நாளிதழ்கள் ‘திடீர் வெள்ளம்’ என்று எழுதுகின்றன. தவறில்லை. பெருமழை கொட்டிய ஆறு மணி நேரத்துக்குள், பல சமயம் அதற்கும் வெகு முன்பே, பாய்ந்து வருவதையே வானிலையாளர்கள் இப்படி அழைக்கிறார்கள். வேகம் இந்தச் சொல்லில் இருக்கிறது. வெள்ளம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லும் சொல் நம்மிடம் எப்போதோ பிறந்துவிட்டது: காட்டாறு.

காடு, ஆறு இரண்டும் சேர, டகரம் இரட்டித்துக் காட்டாறு ஆனது. சங்கப் பாடல்களில் இதுவே ‘கான்யாறு’. கான் என்றால் காடு; யாறு, ஆற்றின் பழைய வடிவம். மழையற்ற நாளில் வெறும் கல்லும் மணலுமாகக் கிடந்து, மலைக்காட்டில் மழை விழுந்ததும் கரை தெரியாமல் புரளும் ஆறு அது. ‘வெள்ளம்’ பழந்தமிழில் ஒரு பேரெண்ணின் பெயராகவும் வழங்கியது. மலையாளத்தில் இன்றும் குடிக்கிற தண்ணீரே வெள்ளம்தான்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது வெள்ளம் பாய்ந்தது. 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அருவியடியில் நிற்பவருக்கு மேலே காட்டில் பெய்யும் மழை தெரியாது. தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதுகூட வெள்ளம் வரலாம். ஆனால் நீர் முன்கூட்டியே சில அடையாளங்களைக் காட்டுவதுண்டு. தெளிந்து ஓடியது சட்டென்று செம்மண் நிறத்தில் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். மேலிருந்து கற்கள் உருளும் இரைச்சல் கேட்கும். அப்போது துணியையும் செருப்பையும் தேடாமல் பக்கவாட்டில் மேட்டில் ஏறிவிட வேண்டும். ஓடையோடு சேர்ந்து கீழே ஓடக் கூடாது. பாய்ந்து வரும் நீர் 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே பெரியவர் ஒருவரைச் சாய்த்துவிடும். 30 சென்டிமீட்டர் சிறிய காரையே நகர்த்திவிடும்.

‘மேகவெடிப்பு’ வேறு. ஒரு சிறு பரப்பில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கொட்டும் மழையின் பெயர் அது. மழையையும் அது கொண்டுவரும் வெள்ளத்தையும் ஒரே சொல்லால் எழுதினால் எச்சரிக்கை குழம்பிப்போகும்.

நகரத்துச் சுரங்கப்பாதையில் நீர் நிறைவதற்குக் ‘காட்டாறு’ பொருந்தாது. அங்கே ‘திடீர் வெள்ளம்’ என்பதே சரி. மலையடிவாரத்திலும் அருவிக்கரையிலும் ‘காட்டாற்று வெள்ளம்’ என்றே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘திடீர் வெள்ள அபாயம்’ என்ற பலகையைப் படித்தவர் அண்ணாந்து பார்த்து, வானம் தெளிவாக இருக்கிறது என்று நீரில் இறங்கிவிடுவார். ‘மலையில் மழை பெய்தால் இங்கே காட்டாற்று வெள்ளம் வரும்’ என்று எழுதியிருந்தால், இறங்கும் முன் மலைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.